ஜுராசிக் பார்க்கும் விடுபட்ட ஏடுகளும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் பிள்ளைகள் உள்ள தமிழ் வீடென்றால், விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் டைனோசராவது கிடக்கும். 1993-இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படம்தான் இந்த மோகத்துக்கு மூலம். அப்பன் கொட்டகையில் பார்த்து நடுங்கியதை மகன் இன்று கைபேசியில் பார்த்து ரசிக்கிறான். முப்பது ஆண்டு கடந்தும் ரசிகர் கூட்டம் கலையவில்லை என்றால் அதில் ஏதோ சரக்கு இருக்கத்தானே வேண்டும்? அதை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மைக்கேல் கிரைட்டன் 1990-இல் வெளியிட்ட நாவலை ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் படமாக்கினார். கதை நாம் அறிந்ததே. மரப்பிசினில் சிக்கிய பழங்காலக் கொசுவின் வயிற்றிலிருந்து டைனோசர் ரத்தத்தை எடுக்கிறார்கள். மரபணு முழுசாகக் கிடைக்கவில்லை, நடுநடுவே விட்டுப்போயிருக்கிறது. அந்த இடங்களில் தவளை மரபணுவை வைத்து ஒட்டுப் போடுகிறார்கள். எல்லாம் பெண்ணாகவே பிறக்கும்படி செய்தும், சில தவளைகளுக்குள்ள பால் மாறும் குணம் உள்ளே புகுந்து, அவை முட்டையிட்டுப் பெருகிவிடுகின்றன. ரசிகர்கள் டி-ரெக்ஸின் பல்லைப் பற்றிப் பேசுவார்கள். என் கணக்கில் படத்தின் உயிர்நாடி இந்தத் தவளைதான்.

127 நிமிடப் படத்தில் டைனோசர்கள் கண்ணில் படுவது சுமார் 15 நிமிடமே. தம்ளர் தண்ணீர் அதிர்வதைக் காட்டியே நம் நெஞ்சை உலுக்கிவிடுகிறார் இயக்குநர். வெற்றிடத்தை வெற்றிடமாக வைக்கத் தெரிந்தவர் அவர். தெரியாதவர் கதையில் வரும் பூங்கா முதலாளி ஹாமண்ட். டிக்கெட் விற்கிற அவசரம் அவருக்கு. வியாபாரியான எனக்கு அந்த அவசரம் புரியாமல் இல்லை.

ஆனால் படமும் ஒட்டுப் போட்டதே. வெலாசிராப்டர் உண்மையில் வான்கோழி அளவுதான். அதன் முன்கை எலும்பில் இறகு முளைத்த அடையாளம் இருப்பதை 2007-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆயினும் 2015-இல் வந்த ‘ஜுராசிக் வேர்ல்ட்’ இறகில்லாத பழைய உருவத்தையே காட்டியது. ஒட்டே அசலாகிவிட்டது!

நம் ஊரில் என்ன நடந்தது? 2020-இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்ததும், ‘டைனோசர் முட்டை’ என்று ஒரே பரபரப்பு. அவை அம்மோனைட் என்னும் கடலுயிரியைச் சுற்றி இறுகிய கற்கள் என்று புவியியலார் விளக்கினார்கள். அசலோ அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்தது. 1987-இல் விவரிக்கப்பட்ட புருகத்காயோசாரஸின் மிகப் பெரிய எலும்புகள், பாதுகாப்பதற்குள் பொடிந்து போயின. பொய் முட்டைக்குக் கூடிய கூட்டத்தில் பாதிப் பேருக்காவது இந்தப் பெயர் தெரிந்திருக்குமா?

இந்த இடத்தில் உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வருகிறார். 1887-இல் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, சமயச் செய்தி விளங்காத இடத்தில் தாமாகப் பொருள் கட்டாமல் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டறிந்தார். புறநானூற்றில் சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டு விட்டார். 267, 268-ஆம் பாடல்கள் இன்றும் கிடைக்கவில்லை. ஐயருக்குப் பாட்டுக் கட்டத் தெரியாதா என்ன? கட்டவில்லை. பேரேட்டில் ஒரு பக்கம் செல்லரித்துப்போனால், நாணயமான வியாபாரி மனசில் தோன்றிய தொகையை அதில் எழுதமாட்டான்.

1956-இல் விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இங்கே பள்ளியில் மலையாளம் படிக்கும் நம் பிள்ளைகள், ‘நம்ம பழைய கதை என்ன?’ என்று கேட்கும்போது, விட்ட இடத்தையெல்லாம் பெருமைப் பேச்சால் அடைக்க நமக்கும் ஆசை வருகிறது. மலர்களில் வரும் கட்டுரைகளிலும் இந்தத் தவளை அவ்வப்போது கத்துகிறது. நாளைக்குப் பிள்ளை வளர்ந்து, ஒன்று பொய்யென்று கண்டால், மெய்யையும் சேர்த்தே தள்ளிவிடுவான்.

எல்லை தாண்டினால் சிதறால் மலை. பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களும் கல்வெட்டும் உள்ளன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப்போய், இருப்பதைத் தொட்டுக் காட்டுவோம். இல்லாததைக் கேட்டால், ‘அது கிடைக்கலை மக்களே’ என்று சொல்லிவிடுவோம்.