பாடபேதம் காணும் கருவிகள்

பழைய மின்னூல் ஒன்றின் இரு பிரதிகள், ஒன்று திஸ்கி குறியீட்டிலும் மற்றொன்று யூனிகோடிலுமாகக் கைக்கு வந்து, அவற்றினிடையே உள்ள பாடபேதங்களைக் கண்டறிய வேண்டிய அவசியம் நேருமானால், சுட்டியைச் சொடுக்கிப் பயன்படுத்தும் ஆடம்பர மென்பொருள்களைக் காட்டிலும் கட்டளை வரியில் இயங்கும் சிறு கருவிகளே அதிகப் பிரயோஜனம் உள்ளவை என்பது என் அபிப்பிராயம்.

முதற்காரியம் குறியீட்டு மாற்றம். அதற்கு உரியது லினக்ஸில் உள்ள ஐகான்வ். திஸ்கியில் ‘கெ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகப் பதிவாகிறது. யூனிகோடிலோ ககரம் முன்னும் கொம்பு பின்னுமாக நிற்கிறது. ஆதலால் எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். அதையும் இக்கருவி தானே செய்துவிடுகிறது. தனக்குப் புரியாத பைட் எதிர்ப்பட்டால் இடத்தைச் சொல்லி நின்றுவிடும். அவ்வாறு நில்லாமல், புரியாதவற்றை ஓசையின்றி விட்டுவிட்டு மேலே செல்லச் செய்யும் ‘-சி’ என்ற விருப்பமும் உண்டு. நூல்களின்மேல் சிரத்தை உள்ளவர்கள் அதைத் தொடாதிருப்பது உத்தமம்.

ஒப்பிடும் காரியத்துக்கு டிஃப். பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதி 1974ஆம் ஆண்டின் ஐந்தாம் யூனிக்ஸ் பதிப்புடன் வெளிவந்த இக்கருவி, இரு கோப்புகளுக்கும் பொதுவான மிக நீண்ட வரித்தொடரைத் தேடிக் கண்டு, எஞ்சியவற்றை நீக்கம் என்றும் சேர்க்கை என்றும் அறிவிக்கிறது. ‘-யு’ சேர்த்தால் வித்தியாசத்துக்கு மேலும் கீழும் மும்மூன்று வரிகளைக் காட்டுவது வாசிக்கச் சௌகரியம். ஆனால் அதன் அளவுகோல் வரி. பத்தி முழுவதும் ஒரே வரியாக உள்ள உரைநடையில் ஒரு காற்புள்ளி மாறினாலும் பத்தியே மாறியதாகச் சொல்லும். உரைநடைக்குச் சொல் சொல்லாக ஒப்பிடும் டபிள்யூடிஃப் மேல். விண்டோஸில் உண்டான கோப்பானால் வரியிறுதியில் மறைந்திருக்கும் கூடுதல் குறியினால் எல்லா வரிகளும் வேறுபட்டனவாகத் தோன்றும். அதைப் புறக்கணிக்கவும் டிஃப்பில் வழியுண்டு.

இவற்றுக்கெல்லாம் மேலான தொல்லை ஒன்று தமிழில் இருக்கிறது. யூனிகோடில் ‘கொ’வை ககரத்துடன் ஒற்றை ஒகரக்குறி சேர்த்தும் எழுதலாம், கொம்பு, கால் என இரு குறிகள் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. டிஃப்புக்கோ அவை வெவ்வேறு. கண்ணுக்கு அணுவளவும் பேதமில்லாத வரிகளை அது பேதமென்று அடம்பிடிக்கும்போது கருவியின்மேல் கோபம் வருவது இயல்பு. ஆயினும் பைட்டுகளை மட்டுமே அறிந்த அதன்மேல் குற்றமில்லை. யூகான்வ் என்னும் கருவியால் இரு கோப்புகளையும், இத்தகைய குறிகளை ஒரே விதமாக்கும் என்எஃப்சி என்னும் வடிவத்துக்குக் கொண்டுவந்த பின்னர் ஒப்பிட்டால் இப்பொய்ப் பேதங்கள் அகன்று, மெய்யான பாடபேதங்களே எஞ்சும்.

இக்கருவிகளுக்கு விலை ஏதுமில்லை. யூகான்வையும் டபிள்யூடிஃப்பையும் மட்டும் பெரும்பாலும் தனியே நிறுவிக்கொள்ள நேரும். மாற்றத் தொடங்குமுன் மூலக் கோப்பின் நகலொன்றை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுமாறு அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்; வெளியீட்டை மூலக் கோப்பின் பெயருக்கே திருப்பிவிட்டால், கருவி அதைப் படிக்கத் தொடங்குவதற்கு முன்பே கோப்பு காலியாகிவிடும்.