சமக்குறி போட்ட சொற்கள்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு ஓர் அறக்கட்டளைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். 'மை ஃபாதர் இஸ் எ புவர் ஃபார்மர்' என்றுதான் முதலில் எழுதினேன். அந்தப் 'புவர்' எனக்குப் பத்தவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட எழுதுகிற சொல். மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாங்கிய கைடு ஒன்று வீட்டில் இருந்தது. கடைசிப் பக்கங்களில் ஒரே பொருள் தரும் சொற்களின் பட்டியல். 'புவர்' என்பதற்கு நேராக ஒரு சமக்குறி, அதற்குப் பிறகு நாலைந்து சொற்கள். கடைசியாக இருந்தது கொஞ்சம் கம்பீரமாகத் தெரிந்தது. எடுத்து எழுதிவிட்டேன்: 'மை ஃபாதர் இஸ் எ பதெட்டிக் ஃபார்மர்.'

நேர்காணலில் இருந்தவர் அந்த வரிக்கு வந்ததும் சிரித்தார். பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார், அவரும் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், எதற்கென்று தெரியாமல். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பணம் கிடைத்தது. ஏன் சிரித்தார்கள் என்பது மட்டும் கல்லூரியில் இரண்டு வருஷம் கழித்துத்தான் புரிந்தது. 'விவசாயம் பார்க்கத் துப்பில்லாத ஆள், பார்த்தாலே பரிதாபம்' என்கிற மாதிரி ஒன்றை என் அப்பாவைப் பற்றி என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இதை ஒரு சின்னப் பையனின் தப்பு என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தச் சமக்குறியை நான் கண்டுபிடிக்கவில்லை. அது எனக்குச் சொல்லித் தரப்பட்டது. பள்ளி ஆங்கிலத் தேர்வில் அதற்கென்றே ஒரு மதிப்பெண் கேள்விகள் உண்டு. வாக்கியத்தில் ஒரு சொல்லைக் காட்டுவார்கள், கீழே நான்கு சொற்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாக்கியத்தைப் படிக்காமலே விடை எழுதலாம். நான் அப்படி எழுதித்தான் முழு மதிப்பெண் வாங்கினேன். ஒரு சொல்லின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் என்ன கெட்டுப்போகும் என்ற கேள்வி மட்டும் எந்தத் தேர்விலும் வரவே இல்லை.

அப்படியானால் பட்டியல் போடுவதே தப்பா? அப்படிச் சொன்னால் நம்முடைய நிகண்டுகளைத்தான் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும். திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நூற்றாண்டுக் கணக்காக ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களை அடுக்கிச் செய்யுளாக்கி மனப்பாடம் பண்ணிய மரபு நமக்கு. அதற்கும் முன்னால் தொல்காப்பியத்தின் உரியியல் இருக்கிறது. உறு, தவ, நனி ஆகிய மூன்றும் மிகுதியைக் குறிக்கும் என்கிறது அது. பின்னால் வந்த நன்னூல் சால, கூர், கழி என்று மேலும் மூன்றைச் சேர்த்து ஆறாக்குகிறது. ஆனால் 'உறுபசி' என்று சொல் இருக்கிறது, 'நனிபசி' என்று யாரும் சொல்வதில்லை. இன்று மேடையில் 'நனிசிறந்த' என்பார்கள், 'கழிசிறந்த' என்றால் கூட்டம் முழிக்கும். பொருள் ஒன்றுதான். கூடப் போகிற சொல் வேறு.

நிகண்டு இதைச் சொல்லவில்லையே என்றால், சொல்லத் தேவை இருக்கவில்லை. அதை மனப்பாடம் செய்தவர்கள் தமிழைப் பேசி, கேட்டு, பாட்டாகப் படித்து வளர்ந்தவர்கள். எந்தச் சொல் எங்கே நிற்கும் என்பது அவர்கள் காதில் இருந்தது. சட்டென்று நாவுக்கு வராத சொல்லை நினைவூட்டுவதுதான் நிகண்டின் வேலை. 1852இல் பீட்டர் மார்க் ரோஜே ஆங்கிலத்தில் வெளியிட்ட புகழ்பெற்ற தெசாரஸும் அப்படித்தான். மனதில் கருத்து இருக்கிறது, அதற்கான சொல் கிடைக்கவில்லை என்று தவிக்கிறவருக்காகச் செய்த நூல் அது. ஆங்கிலமே தெரியாதவருக்குச் சொல் கற்றுத்தரச் செய்யப்பட்டதல்ல.

கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. தெரிந்தவனுக்கு நினைவூட்டுகிற பட்டியலைத் தெரியாதவன் கையில் பாடமாகக் கொடுக்கிறோம். சமையல் தெரிந்தவருக்கு 'மிளகு, மிளகாய், இஞ்சி எல்லாம் காரம்' என்று ஒரு வரி போதும். தெரியாதவன் அதை நம்பிப் பாயசத்தில் எதைப் போடுவான் என்று சொல்ல முடியாது.

வேற்று மொழிக்காரருக்கு என்று தனியாக அகராதி வேண்டும் என்ற யோசனை பெருமளவு ஆசிய வகுப்பறைகளில்தான் முளைத்தது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1935இல் எண்டிகாட் என்பவருடன் சேர்ந்து ஓர் அகராதி செய்தார். எல்லாச் சொற்களையும் வெறும் 1490 சொற்களுக்குள் விளக்கிய அகராதி அது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பியும் இரண்டு நண்பர்களும் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வந்தது. ஒரு சொல் வாக்கியத்தில் எப்படி உட்காரும் என்று காட்டுவதுதான் அதன் நோக்கம். 1948இல் ஆக்ஸ்போர்டு அதை எடுத்து வெளியிட்டது. இன்றைக்கு நம் மேசையில் இருக்கும் ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதியின் பூர்வீகம் அதுதான். ஒரு சொல்லை அதன் சகவாசத்தை வைத்துத்தான் அறிய வேண்டும் என்ற கருத்தை 1950களில் வலியுறுத்திய ஜே. ஆர். ஃபர்த், 1920களில் லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். அந்த வழியில் வந்த ஜான் சின்க்ளேர், கணினியில் லட்சக்கணக்கான வாக்கியங்களைத் தொகுத்து, 1987இல் கோபில்ட் அகராதியைக் கொண்டுவந்தார்.

சகவாசம் என்றால் என்ன? டீயையே எடுத்துக்கொள்வோம். நாம் 'ஸ்ட்ராங் டீ' என்கிறோம். ஆங்கிலத்தில் 'பவர்ஃபுல் டீ' இல்லை, ஆனால் 'பவர்ஃபுல் இன்ஜின்' உண்டு. சீன மொழியில் இதே டீ 'அடர்ந்த' டீ. மழைக்கு ஆங்கிலத்தில் 'ஹெவி', சீனத்தில் 'பெரிய', மேலூர்ப் பக்கம் 'நல்ல மழை' அல்லது 'பேய் மழை'. சீனப் பிள்ளை ஆங்கிலத்தில் 'பிக் ரெய்ன்' என்று எழுதுவதும் நான் 'பதெட்டிக் ஃபார்மர்' என்று எழுதியதும் பார்க்க ஒரே மாதிரி தப்பாகத் தெரியலாம். ஆனால் அந்தப் பிள்ளை தன் மொழியின் சகவாசத்தை நம்பி எழுதுகிறது. நான் எந்த மொழியின் சகவாசத்தையும் நம்பவில்லை. கைடை நம்பினேன்.

சரி, அந்தக் கைடின் வரியை இப்போது பிரித்துப் பார்க்கிறேன். 'புவர்' என்ற சொல்லே மூன்று வேலை செய்கிறது. பெயருக்கு முன்னால் வந்தால் காசில்லாத விவசாயி, விவசாயம் சரியாகத் தெரியாத விவசாயி, 'ஐயோ பாவம்' என்கிற விவசாயி, மூவரும் 'புவர் ஃபார்மர்'தான். 'த ஃபார்மர் இஸ் புவர்' என்று பின்னால் போட்டால் பெரும்பாலும் காசில்லாதவர் மட்டும் மிஞ்சுகிறார். 'நீடி' என்பது கொடுக்கிறவர் நின்று பார்க்கிற இடத்திலிருந்து வரும் சொல், விண்ணப்பங்களுக்கும் நன்கொடை அறிவிப்புகளுக்கும் பழக்கமானது. 'இம்பாவரிஷ்ட்' என்பதற்குள் ஒரு கதை இருக்கிறது. முன்பு இருந்தது, பிறகு போனது. 'டெஸ்டிட்யூட்' என்றால் அடியோடு ஒன்றுமில்லை, தங்க இடம்கூட இல்லை. 'ப்ரோக்' என்பது தன்னைப் பற்றித் தானே சிரித்துச் சொல்லிக்கொள்வது, அடுத்த சம்பளத்தில் சரியாகிவிடும். 'பதெட்டிக்' ஒரு காலத்தில் மனதை உருக்குவது என்ற பொருளில் மரியாதையாக இருந்த சொல். இன்று மனிதனுக்குப் பக்கத்தில் வைத்தால் மேலிருந்து கீழே பார்க்கிற ஏளனம் வந்துவிடுகிறது.

ஆறு சொற்களையும் பிரிப்பது பண அளவு இல்லை. யார் சொல்கிறார்கள், யாரைப் பார்த்து, எங்கே நின்றுகொண்டு, எவ்வளவு காலத்துக்கு என்பவைதான் பிரிக்கின்றன. பெயரடை பொருளை வர்ணிக்கிறது என்று இலக்கண வகுப்பில் படித்தோம். அது பேசுகிறவரின் இடத்தையும் காட்டிக்கொடுக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலம்கூடத் தேவையில்லை. எங்கள் ஊரிலேயே இருந்தது. அப்பா தன்னை ஒருபோதும் 'ஏழை' என்று சொன்னதில்லை. 'கஷ்ட ஜீவனம்' என்பார். அப்பத்தா, 'இல்லாதப்பட்டவகளுக்கு என்னப்பா' என்பார். 'நலிந்த பிரிவினர்' என்பது அரசாணைக்கு வெளியே எங்கள் தெருவில் கேட்காத சொல். 'வறியவர்' மேடையில் மட்டும். 'அன்னக்காவடி' என்று ஒருவர் சொன்னால் அன்றைக்குக் கைகலப்பு நிச்சயம். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் சமக்குறி போட யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் பத்து வயதிலேயே மறுத்திருப்பேன். தமிழில் காது இருந்தது. ஆங்கிலத்தில் கண் மட்டும்தான் இருந்தது.

அந்தக் காதை எழுத்தில் பதிவு செய்ய நமக்கு ஒரு முயற்சி நடந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் கொண்டுவந்த ஆங்கிலம்-தமிழ் அகராதி மாபெரும் உழைப்பு. ஆனால் அதன் வழி, ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே தமிழ்ச் சொற்களை வரிசையாக அடுக்குவது. 1992இல் முதல் பதிப்பு கண்ட 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' வேறு வழியில் போனது. பொருளைச் சொல்லி, இன்றைய தமிழில் அந்தச் சொல் புழங்குகிற எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் தந்தது. க்ரியா ராமகிருஷ்ணன் 2020இல் மறையும் வரை அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். அகராதியைச் சும்மா புரட்டுகிற பழக்கம் இருப்பவர்கள் அதன் பொருள் வரிகளை விட்டுவிட்டு எடுத்துக்காட்டுகளை மட்டும் பத்துப் பக்கம் வாசித்துப் பாருங்கள். நான் சொல்வது புரியும்.

கடைசியாக, நம் பக்கத்துக் குற்றம் ஒன்று. கைடைத் திட்டிக்கொண்டிருக்கும் நாம் இணையத்தில் எழுதுகிற நூல் மதிப்புரைகளைப் பார்க்கலாம். விவசாயி, கூலிக்காரர், செங்கல் சூளைத் தொழிலாளி, யாரைப் பற்றிய நாவலாக இருந்தாலும் ஒரே வரி: 'எளிய மனிதர்களின் வாழ்க்கையைச் சொல்கிறது.' நானும் எழுதியிருக்கிறேன். 'ஏழை' என்று எழுதக் கூச்சம், 'எளிய' என்றால் கௌரவமாக இருக்கிறது. ஆனால் இது கைடு போட்ட அதே சமக்குறிதான். காசில்லாமையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வெள்ளந்தித்தனத்தை வைக்கிறது. வறுமைக்குக் காரணம் உண்டு, காரணமானவர்கள் உண்டு. 'எளிமை'க்கு அப்படி யாரும் பொறுப்பில்லை.

என் அப்பா எளிய மனிதர் இல்லை. பெரியாறு பிரதானக் கால்வாயில் மேலூர் ஒருபோகப் பகுதி. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதைத் தாண்டி எங்களுக்கு ஒன்றுதான், அதுவும் வைகை அணையில் தண்ணீர் இருந்தால். எந்த மடை எப்போது திறக்கும், எந்த அதிகாரியிடம் எந்த வார்த்தையில் மனு கொடுக்க வேண்டும், நாற்று முற்றுவதற்குள் தண்ணீர் வராவிட்டால் யாரிடம் எவ்வளவு வட்டிக்குப் போக வேண்டும் என்ற கணக்கு முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது. இவ்வளவு சிக்கலான ஒருவரை ஆங்கிலத்தில் 'பதெட்டிக்' என்று எழுதினேன். அவர் மாதிரி ஆட்களைத் தமிழில் 'எளிய' என்று எழுதினேன். முதலாவதற்குச் சிரித்தார்கள். இரண்டாவதற்கு 'அருமையான விமர்சனம்' என்று பின்னூட்டம் வந்தது. எது மோசம் என்று எனக்கு இப்போதும் சந்தேகம் இருக்கிறது.

இப்போது என் நோட்டில் சமக்குறி இல்லை. புதிதாக ஓர் ஆங்கிலப் பெயரடை கிடைத்தால் அதன் தமிழ்ப் பொருளை எழுதுவதில்லை. அது எந்தப் பெயரோடு வந்தது, யார் யாரைப் பற்றிச் சொன்னது என்று இரண்டு வாக்கியம் எழுதி வைக்கிறேன். மெதுவான வேலை. ஒரு வருஷத்தில் நூறு சொல் தேறினால் பெரிது. அந்தக் கடிதத்தை இன்று எழுதினால் அப்பாவுக்கு முன்னால் எந்தப் பெயரடையும் போடமாட்டேன். 'எங்கள் நிலத்துக்கு வருஷத்தில் ஒரு போகம்தான் தண்ணீர். இந்த வருஷம் அதுவும் வரவில்லை' என்று எழுதுவேன். அதற்கு எந்தக் கைடிலும் வேறு சொல் கிடையாது.