முகமும் திசையும்

சென்ற வருஷம் இந்தப் பத்திரிகையில், நண்பர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதியபோது ‘கடன் வாங்கிய முகம்’ என்று ஒரு வார்த்தையைப் போட்டேன். எழுதும்போது அது தீர்மானமான வார்த்தையாகத் தோன்றிற்று. நண்பர் பதில் எழுதவில்லை. நாலு மாதம் கழித்து ஜமுனாமரத்தூர்க் கிளை விலாசத்துக்கு எனக்கு ஒரு உறை வந்தது. கடிதம் இல்லை, ஒரு புகைப்படம் மட்டும். டில்லி ரயில் மியூசியத்தில் நிற்கும் பழைய டீசல் எஞ்சின். பின்புறம் ஒரே வரி: ‘இதையும் திட்டு.’

எஞ்சினின் பெயர் டபிள்யூ.டி.எம்.1. அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி கட்டியது. 1957 முதல் இரண்டு மூன்று வருஷங்களுக்குள் நூறு எஞ்சின்கள் வந்து இறங்கின. அகலப்பாதையில் நெடுந்தூரம் இழுக்க இந்தியாவுக்கு வந்த முதல் டீசல் வகை அதுதான். ஆறு அச்சுகள், பன்னிரண்டு சிலிண்டர்கள், 1,950 குதிரைத்திறன். இந்த விவரங்களில் சச்சரவு இல்லை. சச்சரவு அதன் மூக்கில்தான். முன்முனை முழு அகலத்துக்கும் உருண்டு சரிந்து இறங்குகிறது. நடுவில் விளக்கு, மேலே இரண்டு ஜன்னல்கள், கண்கள் மாதிரி. பின்முனையோ வெட்டிவிட்ட ரொட்டி போலத் தட்டை. நமக்குப் பழக்கமான டீசல் எஞ்சின் எதற்கும் இந்தச் சாயல் இல்லை.

இந்த முகத்தைப் பற்றி உலகத்தில் ஒத்த அபிப்ராயம் கிடையாது. இதே குடும்பத்து எஞ்சின்களுக்கு ஸ்பெயினில் ‘மர்லின்’ என்று பெயர். நடிகை மர்லின் மன்றோதான். என் நண்பருக்கும் இது அழகு என்பதில் சந்தேகமில்லை. எனக்கு அப்படிப் படவில்லை. ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு உருவம் பயனிலிருந்து பிறக்கவேண்டும் என்ற நம்பிக்கை எப்படியோ ஒட்டிக்கொண்டுவிடுகிறது. சிகாகோவின் கட்டடக் கலைஞர் லூயி ஸல்லிவன் கட்டடத்துக்குச் சொன்னதை நாம் கவிதைக்கும் சொல்லிக்கொண்டு வருகிறோம். அந்த நம்பிக்கையோடு பார்த்தால் இந்த மூக்கு ஒரு பாசாங்கு. 1930களில் அமெரிக்காவில் எல்லாப் பொருளையும் காற்றைக் கிழிப்பதுபோல வழவழவென்று ஆக்கும் மோகம் இருந்தது. ரேமண்ட் லோவி என்பவர் பென்சில் சீவிக்குக்கூடக் கண்ணீர்த்துளி உருவம் கொடுத்துப் பார்த்தார். மேஜைமேல் திருகியிருக்கும் பென்சில் சீவிக்குக் காற்று என்ன செய்யும்? நிலக்கரியும் தாதும் சுமந்து ஊர்ந்துபோகும் சரக்கு எஞ்சினுக்கும் காற்று பெரிய எதிரி அல்ல. ஆகவே இது முகம் அல்ல, முகமூடி. இப்படி எழுதி அனுப்பிவிடலாம் என்றிருந்தேன். புகைப்படத்தைக் கவுண்ட்டர் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.

ஜமுனாமரத்தூரில் ரயில் கிடையாது. சத்தம் கேட்கிற தூரத்தில்கூட இல்லை. ரயிலைப் பார்க்கக் கொண்டைஊசி வளைவுகள் இறங்கிப் போளூர் போகவேண்டும். ஆனால் கண்ணாடிக்கடியில் ஒரு படம் இருந்தால் சலான் நீட்டுகிறவர் அதைப் பார்க்காமல் இருப்பதில்லை.

முதலில் பார்த்துப் பேசியவர் ரிட்டையர்டு எஞ்சின் டிரைவர் ஒருவர். மகள் இங்கே பள்ளியில் டீச்சர், அவளோடு இருக்கிறார். மாதாமாதம் பென்ஷனுக்கு வருவார். இந்த எஞ்சினை அவர் ஓட்டியதில்லை. அவர் கையில் இருந்ததெல்லாம் அதற்கு அடுத்து வந்த டபிள்யூ.டி.எம்.2. படத்தைத் தம் பக்கம் திருப்பச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். நான் ‘மூக்கு வெறும் வேஷம் இல்லையா?’ என்றேன்.

“வேஷமோ என்னமோ, அதை ப்ளாட்பாரத்துல நிக்கிறவங்க சொல்லட்டும் சார். இதுல டிரைவர் எங்க ஒக்காந்திருக்கான் பாருங்க. முன்னால. ரெண்டு பக்கமும் தெரியும். ஏதாவது வந்து மோதினாலும் மூக்கு வாங்கிக்கும். எங்க வண்டியில நீள மூக்கு முன்னால வச்சு ஓட்டினா, வளைவுல எதிர்ப்பக்கம் ஒண்ணும் தெரியாது. அசிஸ்டெண்ட் சொல்லித்தான் சிக்னல் தெரியும்.”

நான் அலங்காரம் என்று ஒதுக்கியது அவருக்கு ஜன்னல். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு முகமாகத் தெரிவது உள்ளே இருப்பவனுக்குப் பார்வை. விமர்சகன் எப்போதும் ப்ளாட்பாரத்திலேயே நிற்கிறான் என்பதை இதற்குமேல் மரியாதையாகச் சொல்லமுடியாது. அவரே இன்னொன்றும் சொன்னார். பின்னாளில் டபிள்யூ.டி.எம்.2இல் சில எஞ்சின்களுக்கு மட்டும் குட்டை மூக்கைத் தாழ்த்தி, அகலமாக்கி, பெரிய ஜன்னல் வைத்தார்களாம். ‘ஜம்போ’ என்று பெயர். பார்வைக்காகச் செய்தது. ஆனால் அதுவே வழக்கமாகவில்லை.

இரண்டாவது ஆள் சாமை விற்ற பணத்தைப் போட வந்த மலைக்காரர். அவர் அழகைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு, “இது திரும்பி எப்படி சார் வரும்?” என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. டிரைவரிடம் அடுத்த மாதம் கேட்டேன். திரும்பி வர முடியாது என்பதுதான் பதில். இந்த எஞ்சினுக்கு ஓட்டுநர் அறை ஒருமுனையில் மட்டும். நீராவி எஞ்சினைப் போலவே இதையும் டர்ன்டேபிளில் ஏற்றிச் சுற்றித் திருப்பவேண்டும். அல்லது இரண்டை முதுகோடு முதுகு சேர்த்து ஜோடியாக ஓட்டவேண்டும். முகம் என்று ஒன்று இருந்தால் முதுகும் இருந்தாகவேண்டும். முகம் அழகா விகாரமா என்று நானும் நண்பரும் ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருந்தோம். முகம் என்பதே ஒரு திசையை ஒப்புக்கொள்வது என்று இருவருக்கும் தோன்றவில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவில் இதே குடும்பத்து 930 வகுப்பில் முதல் சில எஞ்சின்களுக்கு ஒரே அறைதான். அப்புறம் கட்டியவற்றுக்குப் பின்முனையிலும் ஒரு அறை வைத்தார்கள். அந்தப் பின்அறைக்கு மூக்கு இல்லை, தட்டை. அதை அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த எஞ்சின் திரும்பி வந்தது.

இங்கே என் ‘கடன்’ என்ற வார்த்தைக்கு வருகிறேன். புதுக்கவிதை இறக்குமதிச் சரக்கு என்ற குற்றச்சாட்டு பழசு. அதை நானும் வேறு சொற்களில் நண்பர்மேல் வீசியிருக்கிறேன். எஞ்சின் விஷயத்தில் அந்த வாதம் இப்படி அமையும்: அமெரிக்க மோகத்தின் முகத்தோடு வந்தது டபிள்யூ.டி.எம்.1, நூறோடு நின்றுவிட்டது. முகமில்லாத, நடைபாதையும் கதவுகளும் வெளியே தெரியும் டபிள்யூ.டி.எம்.2 நம்முடையது, 1964லிருந்து வாரணாசியில் கட்டினோம், ஆயிரக்கணக்கில் ஓடிற்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தப்பு. அந்த முகமில்லாத உருவமும் ஆல்கோ வரைந்து கொடுத்ததுதான். 1962இல் முதலில் வந்தவை அங்கே கட்டப்பட்டவைதான். இரண்டுக்கும் உள்ளே இருப்பதும் 251 என்ற ஒரே குடும்பத்து எஞ்சின்: ஒன்றில் பன்னிரண்டு சிலிண்டர், மற்றதில் பதினாறு. பள்ளிக்கூட நாட்களில், விழுப்புரம்–காட்பாடி மீட்டர்கேஜ் அகலப்பாதை ஆவதற்கு முன், போளூர் ஸ்டேஷனில் கரும்புகை கக்கிக்கொண்டு நின்ற ஒய்.டி.எம்.4இல் இருந்ததும் அதே குடும்பம், ஆறு சிலிண்டர். அதை நான் என் ஊர் எஞ்சின் என்றே நினைத்திருந்தேன்.

ஆக, எங்கிருந்து வந்தது என்ற கேள்வியால் ஒன்றும் தீர்வதில்லை. தங்கியதும் கடன், தங்காததும் கடன். தங்கியது எந்தப் பக்கமும் போகும். பட்டறையில் கதவை வெளியிலிருந்தே திறந்து வேலை பார்க்கலாம். தங்காதது ஒரு பக்கம் பிரமாதமாகப் பார்த்தது. திரும்புவதற்கு மற்றவர்கள் உதவவேண்டியிருந்தது. இது அழகுக்கு எதிரான வாதம் அல்ல. டிரைவரின் ஏக்கம் பொய் இல்லை. எது முகம், எது பார்வை, அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று பிரித்துச் சொல்வது விமர்சனம். ‘தவளை மாதிரி இருக்கிறது’, ‘மர்லின் மாதிரி இருக்கிறது’ என்பவை அபிப்ராயங்கள். ‘கடன் வாங்கிய முகம்’ என்பதும் அந்த ஜாதிதான். நான் அதை விமர்சனம் என்று எண்ணிவிட்டேன்.

தொகுப்பை மறுபடி எடுத்துப் படித்தேன், இந்த முறை மலைக்காரரின் கேள்வியை வைத்துக்கொண்டு. பெரும்பாலான கவிதைகள் முதல் வரியிலிருந்து கடைசி வரிக்கு வேகமாகவே போகின்றன. கடைசி வரியைப் படித்தபின் முதல் வரிக்குத் திரும்பினால் அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. திரும்ப வேண்டுமானால் பதினாலு பக்க முன்னுரை என்ற டர்ன்டேபிளில் ஏறவேண்டும். குறை இதுதான், முகம் யாருடையது என்பது அல்ல. இதைச் சொல்லியிருந்தால் நண்பருக்குக் கோபம் வந்திருக்கும், ஆனால் பயன்பட்டிருக்கும். மூன்று கவிதைகள் விதிவிலக்கு. அவற்றின் முடிவு மொட்டையாக, அழகில்லாமல் இருக்கிறது என்று சென்ற வருஷம் எழுதினேன். அந்த மொட்டை முனையிலும் ஒரு ஜன்னல் இருப்பதை நான் பார்க்கவில்லை. முடிவிலிருந்து கிளம்பி ஆரம்பத்துக்கு வந்தால் ஆரம்பம் வேறாகத் தெரிகிறது. அந்த மூன்றுக்கும் என் தீர்ப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு இல்லை.

எஞ்சினைத் திட்டச் சொன்னார் நண்பர். திட்ட முடியவில்லை, புகழவும் முடியவில்லை. படம் இன்னும் கண்ணாடிக்கடியிலேயே இருக்கிறது. இந்த மாதம் பென்ஷனுக்கு வந்தபோதும் டிரைவர் அதைத் தம் பக்கம் திருப்பச் சொன்னார்.