கோடையும் அடுப்பும்

சித்திரை பிறந்துவிட்டால் பத்திரிகைகள் தவறாமல் ஒரு பக்கம் ஒதுக்குகின்றன. ‘கோடைக்கேற்ற எளிய சமையல்’, ‘அடுப்பில்லாச் சமையல்’ என்று தலைப்பு. கூடவே வெள்ளரிக்காய்த் துண்டுகளின் படம். பல வருஷங்களாக இந்தப் பக்கங்களைப் படித்து வருகிறேன். இவற்றின் மேல் எனக்கு ஒரு தாவா உண்டு.

இந்த யோசனை பிறந்தது மேல்நாட்டு வீடுகளில். ரொட்டியையும் மாமிசத்தையும் மூடிய சூட்டடுப்பில் வைத்து மணிக்கணக்கில் வேக விடுகிறவர்கள் அவர்கள். கோடையில் அந்த இரும்புப் பெட்டியை மூட்டினால் வீடே கொதிக்கும். ஆகையால் அதை மூட்டாமல் சமைக்க வழி தேடினார்கள். நியாயமான தேவைதான். நம் வீடுகளில் அந்தப் பெட்டியே கிடையாது. நம்மவர்கள் அந்த யோசனையைத் தமிழில் கொண்டு வந்தபோது பெட்டி இருந்த இடத்தில் அடுப்பைப் போட்டார்கள். பிறகு அடுப்பே கூடாது என்று தீர்மானித்து, முளைகட்டிய பயறும் கேரட் துருவலும் தயிரில் நனைத்த அவலுமாக ஒரு சாப்பாட்டைக் கட்டினார்கள். அவல் நல்ல பண்டம். நெல்லை ஊறவைத்து வறுத்து இடிக்க வேறு யாரோ எங்கோ தீ மூட்டியிருக்கிறார்கள் என்பதையும் விட்டுவிடலாம். ஆனால் இதைச் சாப்பிட்ட குழந்தைகள் கையைக் கழுவிவிட்டு, “சோறு எப்போ?” என்று கேட்கின்றன. அந்த அம்மாள் மத்தியானம் ஒரு மணிக்கு உலை வைக்கிறாள்.

சென்ற கத்திரி வெயிலில் புளியங்குடியில் ஒரு சிநேகிதர் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். மதுரையிலிருந்து தென்காசி போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள ஊர். பேர் புளியமரத்தைச் சொன்னாலும் பெருமை எலுமிச்சைக்குத்தான். கமிஷன் கடைகளில் ஏலம் போய்க் கேரளத்துக்கு மூட்டை மூட்டையாக ஏறுகிறது. கோடையில்தான் பழத்துக்கு விலை. அதனால் தோட்டக்காரர் வீட்டிலேயே அந்த மாதங்களில் பழத்தை எண்ணித்தான் எடுக்கிறார்கள். ஊறுகாய் மட்டும் ஜாடி நிறைய இருக்கும். மழைக்காலத்தில் விலை சரிந்தபோது உப்பில் போட்டு, வெயில் கண்டபோதெல்லாம் காயவைத்தது.

அந்த வீட்டு ஆச்சி முதல் நாள் எனக்காகச் சுடுசோறு, சாம்பார், பொரியல் என்று வேர்த்து விறுவிறுத்துச் சமைத்தாள். மறுநாள் காலையில் பின்கட்டுக்குப் போனபோதுதான் மற்றவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கண்டேன். மண்பானையிலிருந்து பழைய சோறு, கெட்டி மோர், உரித்த சின்ன வெங்காயம், முன்தினமே வறுத்து டப்பாவில் போட்ட மோர்மிளகாய், அந்த எலுமிச்சை ஊறுகாய். நீராகாரத்தில் எலுமிச்சை இலையைக் கசக்கிப் போட்டிருந்தார்கள். எனக்கும் வேண்டும் என்றேன்.

“ஏய்யா, வெளியூர்லேருந்து வந்தவுகளுக்குப் பழையதையா வைப்பாக?” என்றாள் ஆச்சி.

பத்திரிகைப் பக்கத்தில் பழைய சோறு அபூர்வமாகவே வருவதற்குக் காரணம் இந்த வார்த்தையில் இருக்கிறது. ருசி அல்ல, கூச்சம். அந்தக் கூச்சத்துக்கும் ஆதாரம் இல்லாமலில்லை. எத்தனையோ வீடுகளில் ஆண்களுக்குச் சுடுசோறும், மருமகளுக்கும் பண்ணையாளுக்கும் பழையதும் என்றுதான் பங்கு பிரிந்திருந்தது. இதை மறைத்துவிட்டுப் ‘பாட்டி கைமணம்’ என்று பாடுவதும், பட்டணத்து ஹோட்டல்கள் அதையே மண்சட்டியில் வைத்து விலை போடுவதும் எனக்கு உவப்பாயில்லை. வீட்டிலுள்ள எல்லோரும் அதையே சாப்பிட்டால்தான் அது குடும்பச் சாப்பாடு. அப்போது முற்பகல் முழுவதும் அந்த வீட்டுப் பெண் தீக்கு முன்னால் நிற்க வேண்டியதில்லை. தீ முந்தின நாள் இரவிலேயே, காற்று வந்த பிறகு, தன் வேலையை முடித்துவிட்டது. மீதியை இரவெல்லாம் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துச் செய்கின்றன. வற்றலையும் ஊறுகாயையும் வெயில் செய்து வைத்திருக்கிறது. வெயிலை வேலை வாங்கும் இந்தச் சமையலை விட்டுவிட்டு, வெயிலுக்குப் பயந்த சமையலை நாம் அச்சடிக்கிறோம்.

இன்னொரு குறை, அளவும் பக்குவமும். 1951-ல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ இன்றும் விலைபோவதற்குக் காரணம், பக்கத்தில் பெரியவர்கள் இல்லாத பெண்ணும் செய்யும்படி அது எழுதப்பட்டிருப்பதுதான். நம் கோடைப் பக்கங்களில் அந்தக் கவலை இல்லை. போன வருஷம் ஒன்றில் எலுமிச்சைச் சாதத்துக்குச் சாற்றைத் தாளிப்போடு கொதிக்கவிடச் சொல்லியிருந்தது. செய்தவர் வீட்டில் அன்று எல்லோரும் கசப்பைத் தின்றிருப்பார்கள். சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் விடவேண்டும். தாளிக்கும் நேரம்தான் அதற்குத் தீ.

பழையதற்கும் பக்குவம் உண்டு. புறப்படும்போது ஆச்சியிடம் கேட்டேன். முதலில் சிரித்தாள், பிறகு சொன்னாள்: “சோறு நல்லா ஆறணும், சூட்டோட தண்ணி ஊத்தப்படாது. சோறு முங்கி மேல நாலு விரக்கடை தண்ணி நிக்கணும். பானையைத் துணியால கட்டி வைக்கணும். இந்த வெயிலுக்குக் காலைல பத்து மணிக்குள்ள சாப்பிட்டுரணும்யா, மத்தியானத்துக்கு வச்சா நொந்து போவும்.”