அடிக்கப்படாத ஆண்டின் வெள்ளி ரூபாய்

வால்டாக்ஸ் சாலையிலிருந்து யானைக்கவுனித் தெரு வழியே கிழக்கு முகமாக நடப்பவர் சிறிது நேரத்தில் தங்கசாலைத் தெருவைச் சேர்ந்துவிடுவார். அத்தெருவின் வடகோடியில் இயங்கிய சென்னை நாணயசாலை 1869-இல் மூடப்பட்டு, அதன் கட்டடம் அரசாங்க அச்சகமாகி, ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும் வெள்ளியில் ராஜ முகங்கள் பதிவது இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் நின்றபாடில்லை. சௌகார்பேட்டையின் வெள்ளிக் கடைகளில், லக்ஷ்மியும் விநாயகரும் பொறித்த பூஜைக் காசுகளுக்கு அருகிலேயே விக்டோரியா ராணியும் ஐந்தாம் ஜார்ஜும் பழைய ரூபாயின் அளவிலும் அமைப்பிலும் புத்தொளியோடு வீற்றிருக்கிறார்கள். தீபாவளிக்கும் அக்ஷய திருதியைக்கும் வாங்குவோர் அவற்றை வெள்ளி என்ற அளவிலே வாங்கிச் செல்கிறார்கள். எந்த நாணயசாலையும் எக்காலத்தும் அடிக்காத ஆண்டைத் தாங்கிய காசுகளைக் கண்டால், அவற்றை அந்த விசித்திரத்துக்காகவே தேடிச் சேர்க்கும் ரசிகர்களும் உண்டு. இந்த ரசனையைப் பழிப்பதற்கில்லை என்பதும், ஆனால் தன் பிறப்பை மறைக்கும் காசைச் சேர்ப்பது சரித்திரத்துக்குத் தீங்கு என்பதும் என் அபிப்பிராயம்.

கற்பனை நாணயம் வேறு, கள்ள நாணயம் வேறு. கள்ள நாணயம் உள்ள ஒன்றின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு ஏமாற்றப் பார்ப்பது. கற்பனை நாணயமோ பழைய நாணயத்தின் உருவத்தை எடுத்துக்கொண்டு, இல்லாத ஆண்டையோ இல்லாத மதிப்பையோ அதன்மேல் ஏற்றி, சரித்திரம் வேறு வழியே சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உலோகத்தில் எழுதிப் பார்ப்பது. இவ்வித்தை இன்று மிகவும் பிரசித்தமாக நடப்பது அமெரிக்காவின் பழைய வெள்ளி டாலர்களை வைத்துத்தான். 1921 முதல் 1935 வரை வெளிவந்த 'பீஸ்' டாலரை மீண்டும் வெளியிடக் கருதி, 1965-இல் டென்வர் நாணயசாலை 1964 என்ற ஆண்டைப் பொறித்து 3,16,076 காசுகளை அடித்தது. ஆனால் அரசாங்கம் மனம் மாறியதால் அவற்றை வெளியிடாமலே உருக்கிவிட்டது. பல ஆண்டுகள் கழித்து டேனியல் கார் என்ற கலைஞர், டென்வர் நாணயசாலை கழித்துவிட்ட அச்சு இயந்திரமொன்றை வாங்கி, உண்மையான பீஸ் டாலர்களின் மேலேயே அந்த 1964-ஐப் பதித்தார். நியூயார்க், ரோட் ஐலண்ட் ஆகிய மாநிலங்களுக்குரிய கால் டாலர்களை வடிவமைத்த கை அது. பழைய நாணயங்களைப் போலச் செய்யும் எதிலும் 'நகல்' என்று பொறிக்கவேண்டும் என்று 1973-ஆம் ஆண்டின் சட்டம் அங்கே விதிக்கிறது. தாம் செய்வது நகல் அன்று, அரசாங்கத்தின் காசையே மாற்றியமைப்பதுதான் என்பது அவர் பக்கத்து வாதம். இவ்விவாதம் ரசிகர்களிடையே இன்னும் ஓய்ந்தபாடில்லை.

டாலரின் மேல் மறு அச்சுப் பதிப்பது நம் சென்னைக்குப் புதிதன்று. 1807-ஐ ஒட்டி நடந்த நாணயச் சீர்திருத்தத்தில், கப்பலில் வந்திறங்கிய ஸ்பானிய வெள்ளி டாலர்களை உருக்கிக் காலம் போக்காமல், அவற்றின் மேலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் இரட்டை ரூபாயையும் அரை வராகனையும் அடித்தார்கள். ஒரு பக்கம் கோபுரமும் மறுபக்கம் திருமாலும், சுற்றிலும் ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு மொழி எழுத்தும் அமைந்த அந்த அரை வராகன்கள் சிலவற்றைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், கோபுரத்தின் ஓரத்தில் பழைய ஸ்பானிய எழுத்தின் தழும்பு இன்றும் தென்படும். அதைவிட வியக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. அக்காலத்தில் சென்னையில் அடித்த ஆர்க்காட்டு ரூபாய்கள், 1759-இலேயே மாண்டுபோன இரண்டாம் ஆலம்கீரின் பெயரையும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டையும் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் தாங்கி வெளிவந்தன. விக்டோரியா காலத்திலும் அப்படியே: 1862 என்ற ஆண்டையே பொறித்த ரூபாயைப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து அடித்தார்கள், பம்பாய் நாணயசாலையார் சிறு புள்ளிகளைக் கூட்டி மட்டுமே ஆண்டு மாறியதைக் குறித்தார்கள். ஆகவே, காசின் மேலுள்ள ஆண்டு அது பிறந்த ஆண்டாகவே இருக்கவேண்டும் என்று கற்பனை நாணயத்தின் மேல் குற்றம் சாட்டுவோர், அதே குற்றத்தை உண்மையான நாணயத்தின் மேலும் சாட்டவேண்டியிருக்கும். வேற்றுமை ஆண்டில் இல்லை. அரசாங்கம் அடித்ததற்கு ஏடுகளில் பதிவு இருக்கிறது. அதை ஏற்பதற்கு ஒரு சந்தையும், அதற்கு மதிப்பளிப்பதற்கு ஒரு கஜானாவும் இருந்தன.

டாலருக்கும் ரூபாய்க்கும் உள்ள உறவு அத்தோடு முடிந்துவிடவில்லை. முதல் மகாயுத்தத்தின்போது இந்தியாவில் வெள்ளிப் பஞ்சம் ஏற்பட்டு, 1917-இன் இறுதியில் ஒரு ரூபாய்க்கும் காகிதம் அடிக்க நேர்ந்தது. அப்பொழுது, 1918-இல் இயற்றப்பட்ட பிட்மன் சட்டத்தின்படி அமெரிக்கா 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது. அந்த வெள்ளியில் பெரும்பங்கு இந்தியாவுக்கு வந்து ரூபாயாயிற்று. நம் பாட்டிமார் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களுள் எத்தனையோ ஒருகாலத்தில் டாலராக இருந்தவைதாம் என்று எண்ணும்போது, இவ்விரு நாணயங்களையும் ஒருங்கே நேசிப்பவர்களின் மனம் எனக்கு நன்கு விளங்குகிறது.

கற்பனை நாணயம் சேர்ப்பதன் குணங்கள் அற்பமானவை அல்ல. பழைய அச்சு வெட்டும் கலையை அது வாழவைக்கிறது. மலிவாகக் கிடைப்பதால், இளைஞன் ஒருவன் அச்சமின்றிக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்துப் பழக இடம் கொடுக்கிறது. இவற்றினும் மேலானது வேறொன்று: நம் நாட்டில் பழங்காசுகளின் மேல் உண்டாகும் ஆசை புதையல் தோண்டுவோரை வளர்க்கிறது, மண்ணில் கிடைத்த குவியலை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருந்தும், கிடைத்த ஊரும் மண்ணடுக்கும் அறியப்படாமலே பல குவியல்கள் உருக்குப் பட்டறைக்குப் போய்ச் சேர்கின்றன. புதிய வெள்ளியில் அடித்த காசு யாருடைய நிலத்தையும் தோண்டிப் பெற்றதன்று. உருவத்தின் அழகை மட்டுமே விரும்புவோருக்கு அது போதும், நிச்சயமாகப் போதும்.

தோஷம் பிறப்பது, செய்தவர் மௌனமாக இருக்கும்போது. 1911-ஆம் ஆண்டு ரூபாயை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியில் தொங்கும் சங்கிலியில் ஒரு சிறு யானை உண்டு. அதன் தும்பிக்கை குறுகி, பன்றியின் மூஞ்சி போலத் தோன்றுகிறது என்று எழுந்த கூச்சலால் அந்த ரூபாயைத் திரும்பப் பெற்று, மறு ஆண்டு தும்பிக்கையைத் திருத்தி வெளியிட்டார்கள். ஆதலால் 1911 என்ற ஆண்டும் திருந்திய நீண்ட தும்பிக்கையும் ஒரே காசில் சேர்ந்திருந்தால், அது பின்னாளில் பிறந்தது என்பதற்கு வேறு சாக்ஷி வேண்டியதில்லை. பூதக்கண்ணாடி வைத்திருப்பவருக்கு இது எளிது. மற்றவருக்கோ, பழைய ரூபாயின் எடை 11.66 கிராம் என்பதும், அதில் ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி என்பதும், வார்த்த காசின் விளிம்பில் பற்கள் மழுங்கியிருக்கும் என்பதும், சுண்டினால் எழும் ஓசை வேறுபடும் என்பதும் தெரிந்திருக்க நியாயமில்லை. முதலில் வாங்கியவர் விவரம் அறிந்தே வாங்கியிருக்கலாம். அவர் காலத்துக்குப் பின் அப்பெட்டியைத் திறக்கும் பேரனுக்கு யார் சொல்வார்கள்? கற்பனை என்று பெற்ற காசு இரண்டு தலைமுறையில் சான்றாக மாறிவிடுகிறது.

இம்மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் 'யூ.கே.எல்.' என்ற எழுத்துகளும் பொறித்து, மறுபுறம் ராமர் பட்டாபிஷேகத்தையோ அனுமாரையோ காட்டும் செப்புக் காசுகளும் பித்தளைக் காசுகளும் சாக்ஷியாக நிற்கின்றன. கம்பெனி வெளியிட்ட எந்த நாணயத்திலும் அவ்வெழுத்துகள் இல்லை. ராமர் பட்டாபிஷேகத்தை அது தன் அணாக்களில் பொறித்ததும் இல்லை. கோயில்களிலும் பூஜை அறைகளிலும் வைத்து வணங்கும் ராமடங்கா என்ற காசு மரபு நம் நாட்டில் உண்மையாகவே உண்டு. அந்தப் பக்தியையும் கம்பெனியின் பெயரையும் யாரோ ஒன்றாக இணைத்துவிட்டார்கள். விளைவு, அரிசியை இழுக்கும் சக்தி உடையது, கோடிக்கணக்கில் விலை போவது என்று சொல்லி 'ரைஸ் புல்லிங்' என்ற பெயரில் நடக்கும் மோசடி. வீடு வாசலை அடகு வைத்துப் பணத்தை இழந்தவர்களின் செய்திகள் தமிழ்ப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. காசைச் செய்தவர் தம் பெயரையும் செய்த ஆண்டையும் விளிம்பில் வெட்டியிருந்தால், இந்த ஏமாற்றுக்காரர்களுக்கு அது ஒருநாளும் பயன்பட்டிராது.

எனவே சேர்ப்பவர்கள் ஒரு நிபந்தனையைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது: செய்தவரின் முத்திரையும் செய்த ஆண்டும் வெள்ளியின் தரமும் பொறிக்கப்படாத காசை, எவ்வளவு அழகாயினும், விலை கொடுத்து வாங்காதிருத்தல். வாங்குவோர் கேட்டால் அச்சு வெட்டுவோர் மறுக்கப்போவதில்லை. அவர்களுக்கு அது ஒரு மணி நேர வேலை.

பழைய நாணயத்தின் மேலேயே அடிப்பதை மட்டும், செய்தவர் பெயரைச் சொன்னாலும், என்னால் ஒப்ப முடியவில்லை. கம்பெனியார் ஸ்பானிய டாலரை அழித்தது அவசரத் தேவைக்காக. அவர்கள் அழித்தவை கணக்கற்றுப் புழங்கிய நாணயங்கள். இன்று எஞ்சியிருப்பவை நாளுக்கு நாள் குறைகின்றன. எட்கர் தர்ஸ்டன் 1890-இல் சென்னை அருங்காட்சியகத்து நாணயங்களைக் கொண்டு கம்பெனி நாணயங்களின் வரலாற்றை எழுத முடிந்ததற்கு, அவை தீண்டப்படாமல் இருந்ததே காரணம். 1862 ரூபாயின் புள்ளி பேதங்களையும் அச்சு பேதங்களையும் இன்னும் ஆராய்ந்து கொண்டிருக்கிறார்கள். தேய்ந்து, விலை குறைந்து, எடைக்கு விற்கும் ரூபாயிலும் அந்தப் புள்ளி இருக்கலாம். அச்சுக்கு வேண்டிய வெள்ளித் தகடு சௌகார்பேட்டையில் தாராளமாகக் கிடைக்கிறது. கற்பனை ஆண்டுகளை அதில் அடித்துக்கொள்ளட்டும்.