கோடாங்கியும் கமிஷனரும்

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, திருமங்கலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு போலந்துப் படம் ஓடியது. கொடிக்கயிற்றில் வெள்ளை வேட்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய புரொஜெக்டர், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பாய். பார்த்தவர்கள் ஐந்து பேர்: செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நண்பன், பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தும் அக்கா ஒருவர், பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஏட்டையா, என் அம்மா, நான். அம்மாவுக்கு ஆங்கில சப்டைட்டில் ஓடாது. நான்தான் வரிக்கு வரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

படம் 'மீடியம்'. யாசெக் கோப்ரோவிச் இயக்கி 1985இல் வந்தது. கதை நடப்பது 1933இல், பால்டிக் கடலோரத்து சோபோட் நகரத்தில். ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சியைப் பிடித்த வருஷம் அது. கமிஷனர் செலின் கடற்கரையில் கண் விழிக்கிறார். அங்கே எப்படி வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. அவரைப் போலவே இன்னும் சிலர், தங்கள் விருப்பம் இல்லாமலே எதனாலோ இழுக்கப்படுகிறார்கள். எப்போதோ நடந்து முடிந்த ஒரு கொலை, இவர்கள் உடம்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் நடக்கப் பார்க்கிறது. துப்பறிய வேண்டிய ஆளே துப்புக்குள் மாட்டிக்கொள்கிற கதை.

படம் முடிந்ததும் அபிப்பிராயங்கள் வந்தன. நண்பன், "பாதிக்கு மேல ஒண்ணும் புரியலடா, ஆனா தூக்கமும் வரல" என்றான். அக்கா, போலந்தில் 1981 டிசம்பரில் இராணுவச் சட்டம் வந்து 1983 ஜூலையில்தான் விலகியது, அது முடிந்து இரண்டு வருஷத்தில் எடுத்த படத்தில் ஜனங்கள் வேறொருவர் இஷ்டத்துக்கு நடப்பதில் என்ன ஆச்சரியம் என்று கேட்டார். அம்மா மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இதுக்கு எதுக்குப் போலீசு? ஒரு கோடாங்கியக் கூப்ட்டா உடுக்கைய அடிச்சு அரை மணி நேரத்துல வந்துருக்கது யாருன்னு சொல்லிப்புடுவான். அந்த ஆளுக்குச் செத்தவன் வந்து எறங்கிருக்கான், அம்புட்டுதேன்."

சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. விமர்சனம் எழுதுகிற ஆளாக இருந்தால் நான் 'சர்ரியல்' என்று ஒரு சொல்லைப் போட்டு நகர்ந்திருப்பேன். அம்மாவுக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. அதோடு, கோடாங்கி 'யார் கொன்னது' என்று கேட்பதில்லை. 'நீ யாரு, ஒனக்கு என்ன கொறை' என்று செத்தவரைத்தான் கேட்கிறார். துப்பறியும் படங்கள் பெரும்பாலும் கேட்காத கேள்வி அது.

திருமங்கலம் என்றதும் வெளியூர்க்காரர்கள் 2009 இடைத்தேர்தலை நினைத்துக்கொண்டு 'ஃபார்முலா' என்று கிண்டலடிப்பார்கள். துப்பறியும் படத்துக்கும் ஒரு ஃபார்முலா உண்டு. முதல் ரீலில் பிணம், கடைசி ரீலில் விடை. இடையில் சந்தேகத்தைக் கைமாற்றிக்கொண்டே போக வேண்டும். ஃபார்முலா எங்காவது பிசகினால் பார்வையாளர் கோபப்படுகிறார். அந்தக் கோபத்தை ரசனைக் குறைவு என்று ஒதுக்குவது எங்களைப் போன்றவர்களின் பழக்கம். ஒதுக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். காரணம் இரண்டு தமிழ்ப் படங்கள்.

முதலாவது 'அந்த நாள்'. 1954 ஏப்ரலில் வெளியான ஏவி.எம். படம். எஸ். பாலசந்தர் இயக்கம், ஜாவர் சீதாராமன் எழுத்து. 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த பின்னணி. ரேடியோ என்ஜினீயர் ராஜனாக வரும் சிவாஜி கணேசன் படத்தின் ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார். சி.ஐ.டி. சிவானந்தம் ஒவ்வொருவராக விசாரிக்க, ஒவ்வொருவர் வாயிலிருந்தும் வேறு வேறு ராஜன் எழுந்து வருகிறான். படத்தில் பாட்டே கிடையாது. பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்த அன்றைய ரசிகர்கள் ஏமாந்துபோனார்கள். வசூலில் படம் தோற்றது. பிற்பாடு வந்த விமர்சகர்கள் எல்லோரும் படத்தின் பக்கம் நின்று அந்த ரசிகர்களைக் குறை சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

சில வாரம் கழித்து அதே வேட்டியில் 'அந்த நாள்' போட்டேன். அம்மா முழுசாகப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: "நல்லாத்தேன் இருக்கு. ஆனா சாவு வீட்லயாச்சும் ஒப்பாரி இருக்கும். இதுல அதுகூட இல்ல."

பாட்டு இல்லை என்ற பழைய புகார்தான். ஆனால் அம்மா வாயில் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. ராஜன் செத்துக் கிடக்கிறான். தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், காதலி என்று எல்லோரும் அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். அவனுக்காக யாரும் அழுது தீர்ப்பதில்லை. பிணம் அங்கே ஒரு கணக்கு, இழப்பு இல்லை. கடைசியில் மனைவி உஷாவிடம் கதை வரும்போதுதான், பண்டரிபாயின் முகத்தில், ஒரு சாவு நடந்திருக்கிறது என்பதே நமக்கு உறைக்கிறது. அவன் தேசத்துக்குத் துரோகி என்று தெரிந்தும் அவனை நேசித்தவள் அவள் ஒருத்திதான், சுட்ட துப்பாக்கியும் அவள் கையில்தான். படத்தின் பெருமை அந்தக் கடைசிப் பகுதி என்றால், அதுவரை நீளும் வறட்சி அதன் குறை. 1954இல் பாட்டுக் கேட்டவர்களில் சிலராவது இந்த ஒப்பாரியைத்தான் கேட்டார்களோ என்னவோ.

இரண்டாவது படம் எனக்குச் சங்கடமானது. மிஷ்கினின் 'யுத்தம் செய்', 2011 பிப்ரவரி. வெட்டப்பட்ட கைகள் அட்டைப் பெட்டிகளில், பொது இடங்களில் வைக்கப்படுகின்றன. விசாரிக்கும் சி.பி.சி.ஐ.டி. அதிகாரி ஜே.கே.வாக சேரன். அவருடைய தங்கையே காணாமல் போயிருக்கிறாள். படம் வந்தபோது நான் ஒரு சிற்றிதழில் அதைக் கிழித்து எழுதினேன். ஏன் எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்? கேமரா ஏன் காலையே பார்க்கிறது? கேள்வி கேட்டால் பதில் வர ஏன் அரை நிமிஷம் ஆகிறது? கனவு மாதிரி எடுப்பதாக நினைத்துக்கொண்டு நடிகர்களைத் தூக்கத்தில் நடக்கவிட்டிருக்கிறார் என்று ஒரு வரி. அந்த வரியைப் பல பேர் பாராட்டினார்கள். தியேட்டரில் "ஸ்லோ" என்று கத்தியவர்களின் பக்கம் நான் நின்ற ஒரே சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் படத்தை மாடியில் போடச் சொன்னது ஏட்டையாதான். 'மீடியம்' பார்த்த அன்றைக்கு அவர் எதுவுமே சொல்லவில்லை. இந்தப் படத்தில், மகளைப் பறிகொடுத்த புருஷோத்தமன் குடும்பத்தைக் காவல் நிலையத்தில் அவமானப்படுத்துகிற இடம் வந்தபோது எழுந்துபோய் மாடிச் சுவரோரம் நின்றுகொண்டார். பீடி பற்றவைக்கவில்லை, சும்மா நின்றார். படம் முடிந்து மற்றவர்கள் இறங்கிய பிறகு பேசினார்.

"தம்பி, நான் ஒரு ஸ்டேஷன்ல ரைட்டரா இருந்தப்ப ஒரு பிள்ளை காணாமப் போச்சு. பதினாறு வயசு. அவுக அப்பன் செவ்வாக்கெழம தவறாம வருவாரு. உள்ள வர மாட்டாரு. வாசல்ல வேப்பமரத்துக்கிட்ட, தலையக் குனிஞ்சுக்கிட்டு நிப்பாரு. என்னய்யான்னு கேட்டா ஒடனே பேச மாட்டாரு. இந்தப் படத்துல நிக்கிறாக பாருங்க, அதே மாதிரி. ரெண்டு வருசம் வந்தாரு. கேஸை முடிச்சு அனுப்பிட்டோம், கண்டுபிடிக்க முடியலன்னு. அந்தக் காகிதத்த எழுதுனது என் கை. அதுக்கப்பறமும் நாலு செவ்வா வந்தாரு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க இந்தப் படத்தப் பத்தி என்னமோ எழுதுனீங்களாமே, நல்லா இல்லன்னு" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எனக்குப் படத்தப் பத்தித் தெரியாது. நிக்கிறது சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் படத்தை மறுபடி பார்த்தேன். ஒரு சாட்சியைக் கேட்டுவிட்டதால் மட்டும் ஒரு படம் நல்ல படமாகிவிடாது. குறைகள் அப்படியேதான் இருக்கின்றன. நடுவில் நீத்து சந்திராவும் இயக்குநர் அமீரும் ஆடுகிற பாட்டு, வியாபாரத்துக்கு ஒட்டிய துண்டு. பிற்பகுதியில் சூத்திரத்தை எல்லாம் அவிழ்த்துக் காட்டியே ஆக வேண்டும் என்ற அவசரம் இருக்கிறது. ஜெயப்பிரகாஷின் பாத்திரத்துக்கு யூதாஸ் இஸ்காரியோத் என்று பேர் வைத்திருப்பது இன்னும் எனக்கு ஒட்டவில்லை. ஆனால் குனிந்த தலைகளைப் பற்றி நான் எழுதியது தப்பு. அதை நான் பாணி என்று மட்டுமே பார்த்திருந்தேன். அது துக்க வீட்டில் ஆட்கள் நிற்கிற நிலை. காணாமல் போனவளுக்குச் சாவு வீடும் கூட்ட முடியாது, ஒப்பாரியும் வைக்க முடியாது. அந்த வைக்க முடியாத ஒப்பாரியைத்தான் படம் உடம்புகளில் வைத்திருக்கிறது. ஜே.கே. அந்த வழக்கை விசாரிப்பது அதிகாரியாக, நிற்பது அண்ணனாக.

சோபோட் கமிஷனரும் அம்மாவின் கோடாங்கியும் இப்போது வேறு மாதிரித் தெரிகிறார்கள். 'மீடியம்' படத்தில் பழைய கொலை திரும்பி வருவதற்குக் காரணம், அது முடியாமல் கிடப்பது. முடியாத சாவுக்குக் கனவின் வடிவம்தான் வாய்க்கிறது. 'புரியல' என்று பார்வையாளர் சொல்லும்போது சில நேரம் படம் குழம்பியிருக்கலாம். சில நேரம், விடை கிடைத்தாலும் தீராத ஒன்று அங்கே இருக்கிறது என்று அவர் சொல்ல வருகிறாராக இருக்கலாம். எது என்று பிரித்துப் பார்ப்பது விமர்சகனின் வேலை. நான் 2011இல் அந்த வேலையைச் செய்யாமல் ஒரு நல்ல வரியை எழுதிவிட்டேன்.

ஏட்டையா அதன் பிறகு இரண்டு ஞாயிறு மாடிக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் வந்து, வழக்கம்போலக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன படம் தம்பி, போலீஸ் படம் வேணாம்" என்றார். நாகேஷ் படம் ஒன்று போட்டோம். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு என்ன கிழமை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் ஒருமுறை போனில் பார்த்துக்கொண்டேன்.