நட்பு முறிந்தபின் எழுதிய நூல்

நண்பராய் இருந்தவரின் புகழை, நட்பு முறிந்தபின் எடைபோடுவது எளிதன்று. கவிஞர் கண்ணதாசனின் 'வனவாசம்' அத்தகைய நூல். 1961-இல் தி.மு.க.வை விட்டு விலகிய கவிஞர், அக்கட்சியில் கழித்த நாள்களையும் கலைஞர் கருணாநிதியோடு கொண்டிருந்த தோழமையையும் அதில் கசப்போடு விவரிக்கின்றார்.

தம்மை 'அவன்' என்றே குறிப்பிட்டு, தம் ஒழுக்கச் சறுக்கல்களை மறைக்காது ஒப்புக்கொள்ளும் பக்கங்கள் நெஞ்சைத் தொடுகின்றன. தமக்கு எதிராகத் தாமே சொல்லும் சாட்சியத்தை யார் ஐயுறுவார்? ஆனால், 1953-ஆம் ஆண்டுக் கல்லக்குடிப் போராட்டத்தில் இருவருமே சிறை சென்றிருக்க, பெயரெல்லாம் நண்பருக்கே போயிற்று என்று குமுறும்போது, எழுதுகோலைப் பற்றியிருப்பது நினைவா, மனத்தாங்கலா என்னும் கேள்வி எழுகின்றது.

நம் நாஞ்சில் நாட்டிலேயே வேறொரு வழியும் உண்டு. பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா 1963-இல் மறைந்தபோது, அவருடைய பொதுவுடைமைக் கட்சியிலிருந்து மனம் விலகியிருந்த நாகர்கோவில் எழுத்தாளர் சுந்தர ராமசாமி, 'காற்றில் கலந்த பேரோசை' என்னும் கட்டுரை எழுதினார். அங்கே தனிப்பகை இல்லை என்பது உண்மையே. ஆயினும், கருத்து வேற்றுமைக்கு அப்பால் மனிதரைக் காணும் கண் அதில் இருக்கின்றது.

நட்பில் அறிந்தவை அமானிதம். அவற்றைத் திறந்தே ஆகவேண்டுமெனில், தன் குறையை முதலில் வைக்கவேண்டும். கவிஞர் அதைச் செய்தார். 'வனவாசம்' இன்றும் படிக்கத் தக்கதாய் நிற்பது அதனாலேயே, பிறர் புகழைக் குறைத்ததனால் அன்று.